இரண்டாவது தடவை கேட்டால்

செப்டம்பர் 3

நாட்குறிப்பு எழுதுவது பலவீனர்களின் வேலை என்று கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பரிசும் வாங்கினேன். இன்று அதே கை.

காரணம் தனிமை அல்ல. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஊர் யோயென்சு. பின்லாந்தின் கிழக்கு ஓரம். கோவில்பட்டியிலிருந்து ஒளியியல் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊருக்கு ஒளியைப் படிக்க வந்த முதல் ஆள் நானாக இருக்க முடியாது. அந்த விவரத்தை விமானத்தில் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாணவர் குடியிருப்பு. இரண்டு அறை, பொதுவாக ஓர் அடுக்களை. மற்ற அறையில் ரீக்கா. வனவியல் படிக்கிறாள். வடக்கே, ஏரிக்கரையில் ஏதோ ஒரு சிற்றூர்க்காரி. நல்ல உயரம். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புருவம். எங்களுக்குள் ஆங்கிலம்தான். இங்கே எழுதும்போது தமிழ் பேசுகிறாள், பாவம்.

இன்று காலை காபி போட்டாள். வேணுமா என்றாள். வேண்டாம் என்றேன். சரி என்று தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

நான் அடுக்களையிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 5

நேற்று முன்தினம் ஏன் நின்றேன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அறிவியல் மாணவி என்ற முறையில்.

எங்கள் வீட்டு விதி இது. யார் வீட்டுக்குப் போனாலும், எதைக் கொடுத்தாலும், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை தட்டை நம் பக்கம் தள்ளும்போது, உங்களுக்காக வேண்டுமானால் என்ற முகத்துடன், "சரி, கொஞ்சமா". கேட்டதும் கை நீட்டினால் திரும்பி வரும் வழியில் தொடையில் கிள்ளு விழும். "காணாததைக் கண்ட மாதிரி என்னட்டி அவசரம்?" என்பாள் அம்மா.

கேட்பவர்களுக்கும் விதி உண்டு. மூன்று தடவை கேட்காதவர்கள் மனசில்லாமல் கேட்டவர்கள். சாத்தூர்ச் சித்தி ஒரே ஒரு தடவை காபி கேட்டதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அப்போது பள்ளிக்கூடமே போக ஆரம்பிக்கவில்லை.

ஆக, ரீக்கா என்னை அவமதித்துவிட்டாள். அல்லது அவளுக்கு விதி தெரியாது. இரண்டாவதுதான் சரி என்கிறது மூளை. வயிறு முதலாவதின் பக்கம்.

அம்மாவேகூட, விமான நிலையத்தில்

வேண்டாம். நாளை ஆய்வக அறிமுக வகுப்பு. சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.

செப்டம்பர் 11

துறையில் எல்லோரையும் காட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஒரு பக்கம் திறந்த மரக் குடில் ஒன்றின் முன்னால் நெருப்பு மூட்டி, பெரிய கருப்புச் சட்டியில் மீன் சூப். பேராசிரியரே கரண்டியுடன் வந்தார். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. அவர் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் நின்று இருமுவது என் வழக்கம். போன வாரம் இருமலுக்கு மாத்திரை சிபாரிசு செய்தார்.

சூப் வேணுமா என்றார். இல்லை, நன்றி, என்றேன். கரண்டி அடுத்த ஆளிடம் போயிற்று.

நெருப்பு பிரமாதம். இயற்கை பிரமாதம். காட்டில் நீலநிறப் பழங்கள் இருந்தன. யாரும் வேணுமா என்று கேட்காமலே பறித்துக்கொள்ளலாம். வயிறு நிறையத் தின்றேன். பல் இன்னும் நீலமாக இருக்கிறது.

செப்டம்பர் 12

"வேணும்" என்று சொல்லிப் பழகினேன். கண்ணாடி முன்னால். நன்றாகவே வந்தது.

ரீக்கா இன்று கேட்கவில்லை. எனக்குக் காபி பிடிக்காது என்று முடிவு செய்துவிட்டாளாம். இனி அவள் வெளியே போன பிறகுதான் திருட்டுத்தனமாகப் போட்டுக் குடிக்க வேண்டும்.

செப்டம்பர் 27

இவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார்கள். வந்ததிலிருந்து நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இதுதான்.

ரீக்கா பன் சுட்டாள். அறைக் கதவு மூடியிருந்தது. இருந்தும் வாசனை வந்தது. ஏலக்காய். இந்த ஊர்ப் பன்னில் ஏலக்காய் போடுவார்களாம், யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தயாராக இருந்திருப்பேன்.

கண்ணில் தூசு விழுந்துவிட்டது. இந்த ஊரில் தூசு கிடையாது என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 9

பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை. முதல் வாரம் என்மேல் பெருங்காய வாடை அடிக்கிறது என்று நினைத்து மூன்று கோட்டுகளையும் துவைத்தேன். பிறகு கவனித்தேன். யார் பக்கத்திலும் யாரும் உட்கார்வதில்லை. இரட்டை இருக்கைகள் முழுவதும் ஒற்றை ஆட்கள். மரியாதையாம். என்னை விலக்கவில்லை, எல்லோரையும் விலக்குகிறார்கள். இது ஆறுதலா என்று யோசித்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பல்பொருள் அங்காடியில் நாமே பொருளைக் காட்டிப் பணம் கட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. முடிவில் பெண் குரலில் நன்றி சொல்லும். நான் தினமும் போகிறேன். ஒரு கேரட் வாங்குவேன். அடுத்த நாள் இன்னொரு கேரட்.

அப்பா தினமும் காலையில் செய்தி அனுப்புகிறார். நான் இருக்கும் ஊரின் வெப்பநிலை. நான் ஜன்னலைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் குல்லா போடச் சொல்கிறார். கோவில்பட்டியில் என்ன வெயில் என்று மட்டும் எழுதுவதில்லை. நானும் கேட்பதில்லை. என் கைப்பேசியே காட்டுகிறது. எதற்காகவோ அந்த ஊரையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 31

தீபாவளி. ஆய்வகத்தில் லேசர் பார்த்தேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

நவம்பர் 8

இன்று வகுப்பு இல்லை.

நவம்பர் 9

நேற்று வகுப்பு இருந்ததாம்.

நவம்பர் 14

விடிவதற்கும் இருட்டுவதற்கும் நடுவே குளித்துவிட்டால் அன்றைய பகல் முடிந்துவிடுகிறது. ரீக்கா ஒரு விளக்கைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். சூரியனுக்குப் பதிலாக அதன் முன்னால் உட்கார வேண்டும். இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்குமாம். வேணுமா என்று அவள் கேட்கவில்லை. அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அதன் நிறமாலையைக் கணக்கிட்டேன். சூரியன் மாதிரி இல்லவே இல்லை. முன்னால் உட்கார்ந்தபடியே கணக்கிட்டேன்.

அம்மா கட்டிக் கொடுத்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. இனிப்பு உடம்புக்கு ஆகாது.

நவம்பர் 17

எழுதிவிடுகிறேன்.

சென்னை விமான நிலையம், உள்ளே விடும் வாசலுக்கு முன்னால். அப்பா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அதன் ஒரு சக்கரம் சரியில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என் பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. மறுபடி இழுத்துப் பார்த்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

"போகத்தான் வேணுமாட்டி? வேண்டாம்னா சொல்லு. இப்படியே திரும்பிருவோம்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா" என்றேன். உடனே. பழக்கதோஷம்.

அவ்வளவுதான். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. விருந்தாளிக்கு மூன்று தடவை கேட்காமல் மோர்கூட ஊற்றாதவள். அவள் விதிப்படியே பார்த்தால் என்ன அர்த்தம்? மனசில்லாமல் கேட்டிருக்கிறாள்.

உள்ளே போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். முதுகு தெரிந்தது. அப்பாவுக்கு முன்னால், வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

நவம்பர் 18

நேற்று எழுதியதைப் படித்தேன். மிகை. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கு வரும் வியாதி.

நவம்பர் 30

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பின்னால் நானே நம்ப மாட்டேன்.

அடுக்களையில் நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரீக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் வாசலில் நிற்பதில்லை. வருவாள், எடுப்பாள், போவாள். நின்றாள்.

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வர்றியா? இங்க யாரும் இருக்க மாட்டாங்க. கடையெல்லாம் மூடிருவாங்க. அம்மாவும் கேக்கச் சொன்னாங்க."

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு. அவள் காது சிவந்திருந்தது.

நான் சொன்னேன்: "ஐயோ வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி" என்றாள்.

போய்விட்டாள்.

கண்ணாடி முன்னால் பழகியது எல்லாம் காபிக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

டிசம்பர் 1

இரண்டாவது தடவை கேட்பாள். இது காபி இல்லை, கிறிஸ்துமஸ். இதற்காவது கேட்பார்கள்.

டிசம்பர் 4

வழி எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். உங்கள் ஊருக்கு ரயில் உண்டா என்றேன். உண்டு என்றாள். எத்தனை மணிக்கு என்றேன். சொன்னாள். உன் ஊரில் இப்போது ஏரி உறைந்திருக்குமே, பார்க்க அழகாக இருக்குமே என்றேன். ஆமாம் என்றாள்.

எங்கள் ஊரில் இந்த மூன்று கேள்விக்குள் எனக்குத் துணிமணி எடுத்துவைக்க ஆரம்பித்திருப்பார்கள்.

டிசம்பர் 8

இந்தக் கட்டடத்தில் விடுமுறையில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டார்களாமே, ரொம்ப அமைதியாக இருக்குமே என்று பெருமூச்சு விட்டேன். பெருமூச்சு நன்றாக அமைந்தது.

"உனக்கு நல்லது. உனக்கு அமைதி பிடிக்கும்ல" என்றாள் ரீக்கா. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 12

துறை ஒருங்கிணைப்பாளர் கிர்சியைப் போய்ப் பார்த்தேன். வகுப்புக்கு வராதது பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். ஜனவரியில் நான் வராமல் போகலாம், படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

எங்கள் கல்லூரியாக இருந்தால் துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, உட்காரும்மா என்று ஆரம்பித்து, என் அப்பாவுக்குப் போன் போட்டு, நான் அழுது, பியூன் டீ வாங்கி வந்து, எல்லாம் முடிந்து நான் படிப்பைத் தொடர்ந்திருப்பேன்.

கிர்சி சொன்னார்: "சரி. புது வருஷம் பிறந்து முதல் வாரத்துக்குள்ள சொன்னா போதும்."

பிறகு, வெளியே வழுக்கும், பார்த்துப் போ என்றார்.

மிகையில்லாமல் எழுதுகிறேன். விடுமுறை முழுவதும் இந்தக் கட்டடத்தில் தனியாக இருந்தேன் என்றால் ஜனவரியில் நான் இங்கே இருக்க மாட்டேன். விமான நேரங்களைப் பார்த்துவைத்திருக்கிறேன். சும்மாதான். திரும்பி வரும் தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். நிச்சயமாகவா என்று அந்த இயந்திரம்கூடக் கேட்கவில்லை.

டிசம்பர் 19

ரீக்கா கிளம்பினாள். முதுகில் பை, கையில் பனிச்சறுக்குக் கட்டைகள். வாசல்வரை போனேன். நல்ல விடுமுறையாக இருக்கட்டும் என்றாள். படி இறங்கினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

 மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காமல் இரண்டாவதிலேயே சரி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கையுறையை மறந்துவிட்டாளாம்.

டிசம்பர் 20

கேரட்.

டிசம்பர் 21

வருஷத்திலேயே குட்டையான பகல். பார்க்கத் தவறிவிட்டேன்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். விடுமுறையில் தனியாகவா இருக்கப்போகிறாய் என்றாள். இல்லை, கூட இருக்கும் பெண் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்றேன். கூப்பிட்டது உண்மைதானே.

"போறியா?"

"போறேன்."

இது பொய். அந்தப் பக்கம் அம்மா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அப்பா போனை வாங்கினார். கையை வீசிக்கொண்டு போகாதே தாயி, அந்த மிட்டாயாவது இருக்கிறதா என்றார். அப்படியே இருக்கிறது என்றேன். அப்படியேவா என்றார். சிக்னல் சரியில்லை என்றேன்.

டிசம்பர் 22

கைப்பேசியை எடுத்தேன். வைத்தேன். அடுக்களை மேடையைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி துடைத்தேன். யாரோ பை ஜிப்பை இழுத்துப் பார்ப்பது போல.

அழையாத வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். இது அதைவிடக் கேவலம். அழைத்தார்கள், வேண்டாம் என்றேன், இப்போது நானே வலியப் போய். இதற்குப் பழமொழிகூடக் கிடையாது. நம் முன்னோர்கள் இவ்வளவு தூரம் யோசித்துப் பார்க்கவில்லை.

கூப்பிட்டேன்.

பனி எப்படி என்றேன். வீட்டு நாய் எப்படி என்றேன். அம்மா அப்பா சுகமா என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ரீக்கா அமைதியானாள். இவர்களுடைய மௌனம் கிணறு மாதிரி. யாராவது ஒருவர் உள்ளே விழுந்துதான் ஆக வேண்டும்.

"நான் வரலாமா?"

"எங்கே?"

"உங்க வீட்டுக்கு. கிறிஸ்துமஸுக்கு."

"வேண்டாம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"இப்ப வேணுமா?"

"வேணும்."

எங்கள் வம்சத்தில் யாரும் இவ்வளவு மொட்டையாக இந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள். காது சுட்டது.

"சரி" என்றாள். வேண்டாம் என்றபோது சொன்ன அதே சரி. ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "நாளைக்கு மத்தியான ரயில்ல வா. கம்பளிக் காலுறை எடுத்துக்க. அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்."

பிறகு கேட்டாள். "ஏன் அப்பவே சொல்லலை?"

"நீ இன்னொரு தடவை கேப்பேன்னு இருந்தேன்."

"எதுக்கு?"

நான் விதியைச் சொன்னேன். மூன்று தடவை, தட்டு, கிள்ளு எல்லாம். அவள் சிரிக்கவில்லை. நீ வேண்டாம் என்றபோது எனக்கு வருத்தமாக இருந்தது என்றாள். "ஆனா வேண்டாம்னு சொன்னவங்களை மறுபடி கேட்டா அது தொந்தரவு. உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தேன்."

ஆக, இந்த மூன்று வாரமாக அவள் கஷ்டப்பட்டு எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டிசம்பர் 23

ரயில். பனி, மரம், பனி. ரீக்காவின் அப்பா தைஸ்தோ நிலையத்தில் நின்றார். பையை வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. வீட்டு வாசலில், "வந்துட்டோம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ரீக்காவின் அம்மா பெயர் பைவி. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. எதை நீட்டினாலும் நான் முதல் தடவையே சரி சொல்லிவிடுவது என்ற தீர்மானத்துடன் வந்திருந்தேன். சொன்னேன். கிழங்குக் களி மாதிரி ஒன்று, சரி. உப்பில் ஊறிய மீன், சரி. பீட்ரூட், சரி. இன்னொரு கரண்டி? சரி. சாப்பிட்டு முடிக்கும்போது மூச்சு விடுவது தனி வேலையாக இருந்தது. இவ்வளவு பசியோடு ஒரு பெண்ணைத் தன் மகள் அடுத்த அறையில் வைத்திருந்தாளா என்பது போல பைவி ரீக்காவைப் பார்த்தாள்.

டிசம்பர் 24

காலையில் அரிசிக் கஞ்சி. பாலில் வெந்தது, மேலே லவங்கப்பட்டைத் தூள். பாயசம் என்று நினைத்து வாயில் வைத்தேன். உப்பு. சட்டி முழுவதற்கும் ஒரே ஒரு பாதாம் பருப்பு போடுவார்களாம். யார் தட்டில் வருகிறதோ அவர்களுக்கு அதிர்ஷ்டம். தைஸ்தோவுக்கு வந்தது. கடித்த பிறகுதான் சொன்னார்.

பிற்பகலில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பனிக்குள் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் மெழுகுவத்தி. ஊரே வந்திருந்தது, யாரும் பேசவில்லை. மொத்த வெளிச்சம் எத்தனை லுமென் இருக்கும் என்று கணக்கிட ஆரம்பித்தேன். பைவி என் கையில் ஒரு மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் கொடுத்தாள். அவளுடைய அப்பாவின் கல்லுக்கு. தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கோவில்பட்டிக்காரியின் அனிச்சை. எங்கள் ஊரில் செய்தது இல்லை. இருந்தாலும் முதல் குச்சியிலேயே பற்றவைத்தேன். அந்த விஷயத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் சானா. மரத்தால் ஆன சின்ன நீராவி அறை. உடையில்லாமல் எல்லாப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து வியர்க்க வேண்டும்.

"வர்றியா?" என்றாள் பைவி.

இரண்டு நாளாக எல்லாவற்றுக்கும் சரி சொன்ன வாய். திறந்தேன். "வேண்டாம்" என்றேன். நிஜமான வேண்டாம்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். யாரும் இழுக்கவில்லை. நம்ம பொண்ணு மாதிரி, என்ன வெட்கம், சும்மா வா என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரமாக நாயோடு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சரி எவ்வளவு வசதியான நாற்காலி என்று அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் 26

பக்கத்து வீட்டு வெய்க்கோ வந்தார். வயதானவர், தனி ஆள். ஏரியில் துளை போட்டுப் பிடித்த மீன்கள் ஒரு பையில். வாசற்படியிலேயே நின்றுகொண்டு பையை நீட்டினார்.

அதற்கு மேல் நடந்தது ஃபின்னிஷ் மொழியில். எனக்கு அதில் பத்துச் சொல் தெரியாது. ஆனால் மொத்தமும் புரிந்தது.

பைவி காபி என்றாள். வெய்க்கோ கையை ஆட்டினார். உடனே போக வேண்டுமாம். குல்லாவைக் கழற்றிவிட்டார். பைவி மறுபடி காபி என்றாள். இப்போதுதான் குடித்தாராம். கதவோரம் இருந்த முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பைவி கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் அந்தக் கோப்பையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இவ்வளவு வற்புறுத்தும்போது மறுப்பது பாவம் என்ற முகத்துடன் எழுந்து வந்தார்.

அந்த முகம். அது என் அம்மாவின் முகம். மீசை மட்டும்தான் கூடுதல்.

"பழைய ஆளுங்க இப்படித்தான்" என்று ரீக்கா என் காதில் சொன்னாள். "ஒரு காபிக்கு அரை மணி நேரம் வீண்."

நான் போய்ப் பையிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்து ஒரு தட்டில் வைத்தேன். வெல்ல வாசனை. எல்லோருக்கும் ஒரு தடவை நீட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். வெய்க்கோ வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டாவது தடவை நீட்டினேன். பல்லைத் தொட்டுக் காட்டினார். மூன்றாவது தடவை தட்டையே அவர் பக்கம் தள்ளினேன்.

எடுத்தார். மெல்லுவதற்கு வெகு நேரம் பிடித்தது. இன்னொன்று எடுத்தார். போகும்போது மிச்சத்தில் பாதியை அவர் குல்லாவில் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றபடியே குல்லாவை விரித்துப் பிடித்தார்.

மூடி வைத்திருந்தபோது அந்தப் பொட்டலம் எவ்வளவு கனமாக இருந்தது.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். வெய்க்கோ கதையைச் சொன்னேன். அம்மா சிரித்து நிறுத்த வெகுநேரம் ஆயிற்று. இப்படிச் சிரிக்கும்போதுதான் கேட்க முடியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஏர்போர்ட்ல ஏம்மா ஒரு தடவைதான் கேட்ட?"

சிரிப்பு நின்றது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், எங்கள் வீட்டு மின்விசிறி கேட்டது.

"ரெண்டாந்தடவை கேட்டிருந்தா நீ வந்திருப்ப."

"வந்திருக்க மாட்டேன்."

"மூணாந்தடவைக்கு வந்திருப்பட்டி. எனக்குத் தெரியாதா? நானும் கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன். அதான் வாயப் பொத்திக்கிட்டு நடந்துட்டேன்."

அப்பா நடுவில் புகுந்தார். "திரும்பிப் பாத்தா கேட்டுருவேன்னு சொன்னா தாயி. தாம்பரம் தாண்டினதும் பஸ்ல எங்கிட்ட கேட்டா, ரெண்டாவதும் மூணாவதும். நான் என்னத்தச் சொல்ல?"

அம்மா அவரை ஏதோ திட்டினாள். பிறகு மீன் எல்லாம் சாப்பிடுகிறாயா, முள் பார்த்துச் சாப்பிடு என்றாள்.

போனை வைத்தேன். பைவி எதையும் கேட்கவில்லை. காபி வேணுமா என்று மட்டும் கேட்டாள்.

வேணும் என்றேன்.

ஜனவரி 7

கிர்சியின் அறைக்குப் போனேன். போகவில்லை, படிக்கிறேன் என்றேன்.

"சரி" என்றார். எழுதிக்கொண்டார். நிமிர்ந்தார். "நிச்சயமாத்தானா?"

நான்கு மாதமாக இந்த நாட்டில் ஒருவராவது இரண்டாவது தடவை கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கேட்டுவிட்டார்கள். தப்பான இடத்தில்.

"நிச்சயமாத்தான்" என்றேன்.

வகுப்புக்குப் போனேன். வகுப்பு இருந்தது.

ஜனவரி 12

பகல் கொஞ்சம் நீண்டிருக்கிறது. ரீக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒளியியல் மாணவி என்று நினைவூட்டினேன்.

அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன். வேண்டாம்னா வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை கோப்பையை நகர்த்தினேன். குடித்தாள். டீ நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு நிஜமாகவே வேண்டாமாகத்தான் இருந்தது என்றாள். குறித்துக்கொண்டேன்.

அம்மா கூப்பிட்டாள். மைனஸ் எத்தனை என்பதை அப்பா முதலில் சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் எப்படி என்று கேட்டேன். கேட்டதே அவருக்கு அதிசயம். பனி, காலையில் எதிரே ஆள் தெரியவில்லை என்று விரிவாகச் சொன்னார்.

அப்புறம் அம்மா, ஒன்றுமில்லாத குரலில், வேறெதையோ மடித்துக்கொண்டே கேட்பதுபோலக் கேட்டாள்.

"கோடை லீவுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறியாட்டி?"

"வாரேன்" என்றேன்.

 அடுத்த இரண்டு தடவைக்கான சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருப்பாள். யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஊரில் பனி அதிகமல்லவா, சளி பிடிக்கத்தான் செய்யும்.

"என்னட்டி இது, காணாததைக் கண்ட மாதிரி" என்றாள் அம்மா.